அக்கா வீட்டு மேலிடம்

1

இந்த முறை நெய்வேலிக்குப் போனபோது என் அக்கா மகள் பூங்கொடி தண்ணீர்ச் செம்பை என் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். இருபத்துமூன்று வயதுப் பெண். மற்ற வருடங்களில் நான் ஆட்டோவிலிருந்து இறங்கும் முன்பே பெட்டியைப் பிடுங்கிக்கொள்வாள். "எனக்கு இன்னா மாமா வாங்கியாந்த?" என்று வாசலிலேயே கேட்பாள். இந்த முறை செம்பை வைத்த சத்தம் மட்டும்தான்.

"ஒடம்பு சரியில்லயாக்கா அவளுக்கு?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"டூட்டி போயிட்டு வந்திருக்குது. டயர்டா இருக்கும். நீ குளிச்சிட்டு வா குமாரு" என்றாள் அக்கா. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சிங்கப்பூருக்குப் போய் இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. கப்பல் கட்டும் பட்டறையில் வெல்டர். மனைவி மல்லிகா ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை செய்கிறாள். ஒரே மகள் யாழினி, பதினேழு வயது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். கூட்டத்தில் பேச வராது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்க மாட்டேன், வெளியே வந்து மல்லிகாவிடம் சொல்வேன். அவள் உள்ளே போய்க் கேட்பாள். அப்படிப்பட்ட என்னை ஊரில் என்னவாக ஆக்கி வைத்திருந்தார்கள் என்பது அங்கே போய் மூன்றாவது நாள்தான் தெரிந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கிற மற்றவர்களும் ஒரு முறை தங்கள் ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

2

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு 'மேலிடம்' என்ற வார்த்தையை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் அப்பா சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை செய்தார். வீட்டில் அம்மா எது கேட்டாலும், "மேலிடத்துல பாத்துகினு இருக்காங்க" என்பார். லீவு கிடைக்குமா என்றாலும், அடுத்த மாதம் எந்த ஷிப்ட் என்றாலும், பெர்மனென்ட் ஆகுமா என்றாலும் அதே பதில்தான். பார்த்துகினு இருக்கிறவர் யார் என்று அப்பாவுக்குத் தெரியாது. சூப்பர்வைசருக்கும் தெரியாது. அவர் யாரிடம் கேட்டாரோ அவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் சுற்றுலா ரத்தானால் மேலிடம். கோவில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி கிடையாது என்றால் மேலிடம். கட்சிக்காரர் வார்டுக்கு வேறு ஆளை நிறுத்தினால் மேலிடம். எங்கள் பக்கத்து வீட்டு மாமி சீட்டுக் கம்பெனியில் சேரவில்லை என்பதற்கும், "எங்க வூட்டு மேலிடம் ஒத்துக்காதுங்க" என்று புருஷனைக் காட்டினாள். அந்த மனிதர் அப்போது வாசலில் உட்கார்ந்து அவளுக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

கவனித்துப் பார்த்தால் இந்த வார்த்தைக்குச் சில பழக்கங்கள் உண்டு. மேலிடத்துக்குப் பெயர் இருக்காது. முகம் இருக்காது. அது பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் சொல்லும். 'சரி' என்று ஒரு முடிவு வந்தால் மட்டும், "நான் பேசி வாங்கிக் குடுத்தேன்" என்று ஓர் ஆள் முன்னால் வந்துவிடுவார். சரி என்றால் ஆள் உண்டு. இல்லை என்றால் மேலிடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வார்த்தை இல்லாவிட்டால் டவுன்ஷிப்பில் பாதிப் பேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். எங்கெங்கிருந்தோ வந்து பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறவர்கள். ஒரே பஸ், ஒரே கேன்டீன், ஒரே ஷிப்ட். லீவு கேட்டவனிடம் "நான்தான் குடுக்க மாட்டேன்னேன்" என்று எந்த போர்மேனும் சொல்ல முடியாது. நாளைக்கு அவனோடுதான் நைட் ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். அதனால், "நான் எழுதிப் போட்டேன்பா, மேல தள்ளிட்டாங்க" என்பார். கேட்டவனும் நம்பின மாதிரி தலையாட்டுவான். இருவரும் சேர்ந்து டீ குடிப்பார்கள்.

3

சிங்கப்பூரில் முதல் வருடம் ஒரு நாள் தப்பான இடத்தில் வெல்டிங் பற்றவைத்துவிட்டேன். பாதுகாப்பு அதிகாரி ஓடி வந்தார். சீனர். "யார் அனுமதி கொடுத்தது?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். எனக்கு வந்த ஆங்கிலத்தில், "டாப் பிளேஸ், சார்" என்றேன்.

அவர் கப்பலின் மேல்தளத்தை அண்ணாந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை. சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு வருடத்துக்கு என் பெயரே டாப் பிளேஸ்தான்.

அங்கே பற்றவைக்க ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். கண்ணாடித் தாள் உறையில் போட்டு, வேலை நடக்கும் இடத்தில் தொங்கவிடுவார்கள். யார் கேட்டது, யார் வந்து பார்த்தது, யார் சரி என்றது, எத்தனை மணி வரை என்று எல்லாம் எழுதியிருக்கும். கீழே பெயர், கையெழுத்து, போன் நம்பர். முதலில் எனக்கு அது பயமாக இருந்தது. ஒரு மனிதன் தன் முடிவுக்குக் கீழே தன் பெயரை எழுதித் தொங்கவிடுகிறானே, நாளைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வான் என்று நினைப்பேன். நாளைக்கு ஏதாவது ஆனால் கேட்பதற்குத்தான் அந்தப் பெயர் என்று புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

அதற்காக அங்கே மேலிடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை மல்லிகாவின் அம்மாவை எங்களோடு வைத்துக்கொள்ள விண்ணப்பித்தோம். ஏழு தாள்கள். யாழினிதான் படித்துப் படித்து நிரப்பினாள். பதில் வந்தது. வருந்துகிறோம் என்று இருந்தது. கடைசி வரியில், இது கணினி தயாரித்த கடிதம், கையெழுத்து தேவையில்லை என்று இருந்தது. மல்லிகா அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் யாராவது இருப்பது போல.

இப்போது நான் எப்படி மேலிடம் ஆனேன் என்று சொல்கிறேன். நான் சிங்கப்பூர் போன இரண்டாம் வருடத்திலிருந்தே அக்கா போனில் எல்லாவற்றையும் என்னிடம் கேட்பாள். பிரிட்ஜ் எந்தக் கம்பெனி வாங்கலாம், பூங்கொடியை எந்தக் குரூப்பில் சேர்க்கலாம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் இப்போதா மழை முடிந்தா. "நீதாண்டா சொல்லணும், தாய்மாமன்" என்பாள். எனக்குப் பிரிட்ஜைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு ஏதோ ஒன்றைச் சொல்வேன். அந்தப் பக்கம் அக்கா புருஷன் தணிகாசலம் மச்சானின் குரல் கேட்கும். "இன்னா, மேலிடம் இன்னா சொல்லுது?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைத்து எழுதினால் மற்றதை எழுதிப் பயனில்லை. பகல் முழுக்க யாரோ கையெழுத்துப் போட்ட சீட்டின் கீழே குனிந்து வேலை செய்கிறவனுக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு தன் வார்த்தைக்காகக் காத்திருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. யாழினிக்கு மட்டும் இது வேடிக்கை. "அப்பா, அத்தை உங்களைக் கேக்கல. அவங்க முடிவு பண்ணிட்டு உங்ககிட்ட சொல்றாங்க" என்று ஒருநாள் சொன்னாள். சின்னப் பெண், நம் பழக்கம் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

4

மூன்றாம் நாள் பிற்பகல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரீசார்ஜ் செய்யப் போனேன். முதல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் டீக்கடையில் நின்றிருந்தார்கள். சீருடையில் இருந்த ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப்பையில் துண்டை மடித்துச் செருகியிருந்தார்.

"நீங்க தணிகாசலம் அண்ணன் மச்சான்தான? சிங்கப்பூரு?"

"ஆமாங்க."

"நான் ஏழுமலைங்க. அண்ணனும் நானும் சொரங்கத்துல ஒரே பெல்ட்டு. பதினெட்டு வருசமா." கையை நீட்டுவார் என்று நினைத்தேன். நீட்டவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோச்சிக்கக் கூடாது."

"கேளுங்க."

"என் பையன்ல இன்னா கொறை கண்டீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய பையன் யார் என்றே தெரியாது. டீக்கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

"பொண்ணுக்கும் பையனுக்கும் புடிச்சிருந்துச்சி. அண்ணன் எங்களுக்குக் காப்பி குடுத்தாரு. நல்லா பேசினாரு. 'தாய்மாமனக் கேக்காம எங்க வூட்ல ஒரு துரும்பு நகராது ஏழுமலை, கேட்டு சொல்றேன்'னாரு. எட்டு நாள் கழிச்சி கேன்டீன்ல வச்சி, 'மேலிடத்துல ஒத்துக்கல, நான் இன்னா பண்றது'ன்னு கண்ணு கலங்கிட்டாரு. அவர நான் தப்பு சொல்லல. நீங்க எங்க பையன பாத்தது கூட இல்லியே சார். ஒரு வார்த்த விசாரிச்சீங்களா?"

நான் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எனக்கு இதைப் பற்றி ஒன்றுமே தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த நிமிடம் மச்சான் பொய்யர் ஆகிவிடுவார், அதுவும் டீக்கடை வாசலில், ஷிப்ட் ஆட்கள் முன்னால்.

"பாத்து சொல்றேங்க" என்றேன்.

ஏழுமலை என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "சரி சார். பாத்து சொல்லுங்க" என்றுவிட்டுப் போய் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

5

மச்சான் தணிகாசலம் நல்ல மனிதர். சுரங்கத்தில் மண்ணும் நிலக்கரியும் ஓடுகிற பெல்ட்டுக்குப் போர்மேன். என் அக்கா மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. நான் வெளிநாடு போவதற்கு அலைந்தபோது எனக்காகப் பத்து முறை சென்னைக்கு வந்தவர். அதையும் எழுதிவிட வேண்டும்.

நான் வீட்டுக்கு வந்து, "ஏழுமலைன்னு ஒருத்தரப் பாத்தேன் மச்சான்" என்றதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். பூங்கொடி பண்ருட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். அன்று அவள் டூட்டியில் இருந்தாள்.

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்பாடா" என்று மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.

"எதுக்கு மச்சான் என் பேரச் சொன்னீங்க?"

"சொன்னா இன்னா மாப்ள? நீ கடல் தாண்டிக் கெடக்கற. உன்ன எவன் வந்து சட்டையப் புடிக்கப் போறான்? நான் தெனம் அவன் மூஞ்சில முழிக்கணும்."

"அவரு பையன் நல்ல பையன் இல்லியா?"

"தங்கமான பையன். இவ வேல செய்யற ஆஸ்பத்திரிலதான் எக்ஸ்ரே எடுக்கறான். சரவணன்னு பேரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்க எந்தத் தெருன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? முத்தாண்டிக்குப்பத்துல காலனி."

அவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"இத அவருகிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றேன். இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டது எனக்கே ஆச்சரியம்.

மச்சான் தட்டைத் தள்ளிவிட்டார். "எப்பிடிடா சொல்றது? நாலு வருசம் முன்ன மழையில சறுக்கி பெல்ட்டு மேல உளுந்தேன். ஓடிகினு இருக்குது பெல்ட்டு. எல்லாரும் கத்தறானுவ. அவசரத்துக்கு நிறுத்தற கயித்த இழுத்து நிறுத்தினவன் அவன். ஒரு நொடி தாமசம் பண்ணியிருந்தா உங்க அக்கா இன்னிக்கு இந்தத் தாலியோட இல்ல. என் சாப்பாட்டுல பாதி அவன் துன்றான், அவன் டப்பால நான் துன்றேன். அவங்கிட்ட போயி, உன் சாதி ஆவாதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

"அப்ப சரின்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லிட்டு? காடாம்புலியூருல எங்க அண்ணன் தம்பிங்க நாலு பேரு கீறாங்க. நாளைக்கு அவங்க வூட்டுப் பொண்ணுங்களுக்கு மாப்ள பாக்கணும். அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். நான் போனை எடுத்துப் பழைய செய்திகளைத் தேடினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மதிய நேரம் பூங்கொடி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'ஏன் மாமா?' அவ்வளவுதான். நான் ரொம்ப நாளாகப் பேசவில்லை என்று கேட்கிறாள் என நினைத்துவிட்டேன். கையுறையைக் கழற்றாமல் ஒரு விரலால் தட்டி, 'வேலை அதிகம்மா. அப்புறம் பேசறேன்' என்று பதில் போட்டிருந்தேன். அப்புறம் பேசவில்லை.

அன்று சாயந்திரம் மல்லிகாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க எதுலயும் தலையிடாதீங்க. லீவு முடிஞ்சி நல்லபடியா வந்து சேருங்க" என்றாள். யாழினி போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, அவங்க நெஜமா உங்களைக் கேட்டிருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

"என்னத்த சொல்றது. உங்க அத்தை, மாமா பாத்து…"

"அதான். அப்போ அது நோதானே அப்பா. அவங்க உங்க பேர்ல பொய் சொல்லல." அவள் தமிழில் பேசினால் வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விழும். இதை இடைவெளி இல்லாமல் சொன்னாள். பிறகு யாரோ கூப்பிட, பை என்று வைத்துவிட்டாள்.

நான் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் பலாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். அவள் சொன்னது சரி. என்னைக் கேட்டிருந்தால் மச்சான் முகத்தைப் பார்த்து, அக்கா குரலைக் கேட்டு, அவர்களுக்கு எது வசதியோ அதைச் சொல்லியிருப்பேன். என்னை நன்றாகத் தெரிந்துதான் என் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் எல்லோரோடும் ஒரே மேசையில் சாப்பிடுகிறேன், என் அறையில் முன்பு இருந்தவனின் சாதி என்ன என்று இன்றுவரை தெரியாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு என்ன பயன்? என்னை யாரும் கேட்கவில்லை, அதனால் நல்லவனாக இருந்தேன்.

6

இரண்டு நாட்கள் எதுவும் பேசாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏழுமலையிடம் உண்மையைச் சொன்னால் பதினெட்டு வருடச் சிநேகம் போகும். அது மட்டுமா, அந்த இருவரும் பெல்ட் ஓடும் இடத்தில் ஒருவரையொருவர் நம்பி நிற்க வேண்டியவர்கள். சொல்லாமல் விமானம் ஏறினால் பூங்கொடிக்கு நான் என்றைக்கும் அப்படிப்பட்ட மாமன்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். டவுன்ஷிப் ரோடுகளும் அப்படித்தான், எந்த வட்டத்தில் நுழைந்தாலும் ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி முனைகள்.

அதற்கடுத்த நாள் காலை மச்சான் வாரவிடுப்பில் வீட்டில் இருந்தார். அக்கா இட்லி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், உங்க அண்ணன் தம்பிங்களுக்கு யாரு பதில் சொல்றதுன்னு கேட்டீங்க இல்ல?"

"ஆமா."

"அவங்ககிட்டயும் என் பேரயே சொல்லுங்க. தாய்மாமன் பிடிவாதமா சரின்னுட்டான், நான் இன்னா பண்றதுன்னு சொல்லுங்க."

மச்சான் என்னையே பார்த்தார். "இன்னா மாப்ள, வெளாடறியா?"

"வேணாம்னு சொல்ல நான் மேலிடம்னா, சரின்னு சொல்லவும் நான்தான மேலிடம்? பாத்து சொல்றேன்னு ஏழுமலைகிட்டயும் சொல்லியிருக்கேன். இன்னிக்குப் போறேன்."

"ஊருல சிரிப்பாங்கடா."

"என்ன பாத்துத்தான சிரிப்பாங்க? நான் இங்க இருக்கப் போறதில்ல."

அக்கா கரண்டியோடு நின்றிருந்தாள். இத்தனை நாளும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், "அவன் சொல்றது உங்களுக்குத்தானங்க வசதி. வாய மூடிகினு இட்லியத் துன்னுங்க" என்றாள். மச்சான் இட்லியைப் பிட்டார். தன் வீட்டில் தாய்மாமனைக் கேட்காமல் துரும்பு நகராது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான்.

முத்தாண்டிக்குப்பத்தில் ஏழுமலை வீட்டுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். நான் குடிக்கிறேனா என்று பார்த்தார். குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது, ஆனால் பாதியில் வைக்கப் பயமாக இருந்தது.

"நான்தான் வேணாம்னு சொன்னேங்க" என்றேன். பஸ்ஸில் வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். "தப்பு. இப்ப சரின்னு சொல்ல வந்திருக்கேன்."

ஏழுமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எதுக்கு சார் மொதல்ல வேணாம்னீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு உலகத்தில் சொல்லக்கூடிய பதில் எதுவும் இல்லை.

"எங்க அண்ணன்" என்று மச்சானைச் சொன்னார், "எங்க அண்ணன் ஒருநாளும் எங்கள அப்பிடி நெனச்சதில்ல. என் டப்பாலேர்ந்து எடுத்துத் துன்ற மனுசன் அவரு. நீங்க நாலு நாடு பாத்தவரு. உங்களுக்குப் போயி இந்தப் புத்தி இருக்கும்னு நான் நெனைக்கல சார்."

நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். 'நான் இல்லை' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. பெயர் கொடுத்தால் அதோடு இதுவும் சேர்ந்துதான் வரும்.

"இப்ப மட்டும் எப்பிடி சரின்னு வந்துச்சி?" என்று கதவோரம் நின்ற அவர் மனைவி கேட்டார்.

"யோசிச்சிப் பாத்தேன்மா."

"ரெண்டு மாசமா? எம் புள்ள ரெண்டு மாசமா சரியா துன்னல."

"சும்மா இரு" என்றார் ஏழுமலை. பிறகு என்னிடம், "பையங்கிட்ட சொல்றேன். அவன் இன்னா சொல்றான்னு பாப்போம்" என்று எழுந்தார். பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். அவருக்கு உண்மை தெரிந்திருக்குமோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். தெரிந்திருந்தால், மச்சானைக் காப்பாற்ற என்னைப் போலவே அவரும் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றுதான் அர்த்தம்.

7

வீடு திரும்பியபோது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முடிவெடுத்துவிட்டேன் என்று. பூங்கொடி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். அக்கா அவளிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"முத்தாண்டிக்குப்பம் போயிருந்தீங்களாம்?"

"ஆமாம்மா. பேசிட்டேன். நீ ஒண்ணும் கவலப்படாத."

"எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான் மாமா. அப்பா பேசற பேச்சு மாதிரியே இருந்துச்சி. அதான் உங்களுக்கு மெசேஜ் போட்டேன். 'நான் எதுவும் சொல்லலியே'ன்னு ஒரு வார்த்த போடுவீங்கன்னு பாத்தேன். போட்டிருந்தா அப்பவே அப்பாகிட்ட நேரா நின்னு கேட்டிருப்பேன். வேல அதிகம்னீங்க."

"எனக்குத் தெரியாதுமா. நீ எதுக்கு ஏன்னு கேட்டன்னு…"

"திருப்பிக் கேட்டிருக்கலாம் இல்ல?"

அவள் குரல் உயரவில்லை. ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது பேசுகிற குரல்.

"இன்னிக்கு நான் போயி சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்மா" என்றேன் மறுபடியும். அது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று.

"அதையும்தான் மாமா. வேணாம்னு சொன்னப்பவும் என்ன யாரும் கேக்கல. சரின்னு சொல்லப் போனப்பவும் நீங்க என்னக் கேட்டீங்களா? ரெண்டு மாசமா நானும் சரவணனும் ஒரே காரிடார்ல பேசாம போயிகினு வந்துகினு இருக்கோம். எனக்கு இப்பவும் வேணுமா, அவனுக்கு வேணுமான்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மச்சான் ஹாலில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அக்கா சமையலறை வாசலில் நின்றாள்.

"வெள்ளிக்கிழம எனக்கு டூட்டி இல்ல. நானே போயி அவங்க அப்பா அம்மாகிட்ட பேசறேன்."

"நானும் வரேன்மா" என்றேன்.

"வேணாம் மாமா."

வெள்ளிக்கிழமை அவள் போனாள். நானும் மச்சானும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மேலிடங்கள். டிவி ஓடியது. என்ன ஓடியது என்று இருவருக்கும் தெரியாது. மச்சான் ஒரு முறை, "இன்னா மாப்ள, இன்னா பேசிகினு இருப்பா?" என்றார். "தெரியல மச்சான்" என்றேன். "ஏழுமலைக்கு நான்தான்னு சொல்லிடுவாளோ?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. அப்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவருக்கும் என்னைப் பார்க்க அப்படித்தான் இருந்திருக்கும்.

அவள் வர ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. வாசலில் செருப்பைக் கழற்றினாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது, ஆனால் நடை தளரவில்லை. நேராக மச்சான் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழம அவங்க வராங்க. யாரு இன்னா சொன்னாங்கன்னு ஏழுமலை மாமாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. அத நீங்க சொல்லணும். அவங்க வந்ததும் மொதல்ல அதச் சொல்லிட்டு அப்புறம் மத்தது பேசுங்க. பெரியப்பா, சித்தப்பாவுக்கு எல்லாம் நான் போன் பண்ணிக்கறேன்."

மச்சான் தரையைப் பார்த்தபடி தலையை அசைத்தார். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, யாரையோ கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமயா?" என்றாள் அக்கா. "குமாரு சனிக்கிழம பிளைட்டாச்சேடி. தாய்மாமன் இல்லாம எப்பிடி?"

பூங்கொடி என் பக்கம் திரும்பினாள். நான் வந்து இறங்கிய நாளிலிருந்து அப்போதுதான் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை.

"தெரியும்மா" என்றாள். "அதப் பாத்துத்தான் ஞாயித்துக்கிழமன்னு சொன்னேன்."

டிக்கெட்டை மாற்றிக்கொள்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. உள்ளே போய்ப் பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினேன்.